ஜப்பான் வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாமா? டெல்டாவுல ஓட்டுறவங்க சொல்லுங்க

நீடா_டீச்சர் (நீடாமங்கலம் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா இங்க வந்து படிச்சுட்டு மட்டும் போவேன். இப்ப நானே கேக்க வேண்டிய நிலைமை.

போன ஐப்பசி அடைமழையில ஒரு ராத்திரி, மணி பதினொண்ணு இருக்கும், அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்துடுச்சு. நான்தான் வண்டிய எடுத்தேன். தெருவுல முழங்கால் தண்ணி. மெயின் ரோட்டுக்கு வரவே அரை மணி நேரம் ஊர்ந்தேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல கூட்ஸ் போற வரைக்கும் நின்னு, அப்புறம் லாரிகளுக்கு நடுவுல இஞ்ச் இஞ்சா நகர்ந்து தஞ்சாவூர் ரோட்டைப் பிடிச்சேன். அம்மாபேட்டை தாண்டினதும் மீட்டர் பக்கத்துல கியர்பாக்ஸ் சூடுன்னு எழுத்து வந்துச்சு. சாலியமங்கலம் நெருங்குறப்ப ஆக்ஸிலேட்டரை அழுத்துறேன், இன்ஜின் சத்தம் ஏறுது, சக்கரம் சுத்தல. அப்படியே ஓரமா உருண்டு நின்னுடுச்சு. பின் சீட்டுல அம்மா அப்பா நெஞ்சைத் தடவிக்கிட்டே "என்னடி ஆச்சு, என்னடி ஆச்சு"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

நெல் மூட்டை ஏத்திக்கிட்டு வந்த குட்டி யானை (சின்ன சரக்கு வண்டி) டிரைவர் ஒருத்தர் நிறுத்தி, அப்பாவ முன் சீட்டுல உக்கார வச்சு தஞ்சாவூர் மெடிக்கல்ல கொண்டுபோய் சேர்த்தார். அப்பா பிழைச்சுட்டாங்க. அவர் பேரைக்கூட கேட்டுக்கல, அது இன்னும் உறுத்துது.

வண்டிக்கு வயசு நாலுதான். ஓடுனது 38 ஆயிரம் கிலோமீட்டர். ஒரு சர்வீஸ் கூட தவறல. ஆனாலும் சாமான் வர்றதுக்கு 26 நாள் ஆச்சு. கம்பெனி பேரோ அது எந்த நாடுங்கறதோ இங்க வேணாம். வித்துட்டேன்.

சிங்கப்பூர்ல இருக்கற தம்பி "அக்கா, ஜப்பான் வண்டியப் பாத்து வாங்கு, வேற எதையும் யோசிக்காத"ங்கறான். பாபநாசத்துல எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் "அப்படி மொத்தமா சொல்ல முடியாதும்மா"ங்கறார். ஒன்பது லட்சம் வரைக்கும் முடியும். மாசம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும், நாலு பேர். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு: ராத்திரி நேரத்துல நடு ரோட்டுல கை விடக்கூடாது.

குடந்தை_நவக்கிரகம் (கும்பகோணம்)

டீச்சர், அப்பா நல்லா இருக்காங்கன்னு படிச்சப்புறம்தான் மூச்சு வந்துச்சு.

நான் 19 வருஷமா வாடகை வண்டி ஓட்டுறேன். நவக்கிரக டிரிப்தான் பொழப்பு. விடியக்காலம் திங்களூர்ல ஆரம்பிச்சா ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம்னு சுத்தி ராத்திரி திருநள்ளாறுல முடியும். கிலோமீட்டர் கணக்குல பாத்தா பெருசா தெரியாது. வண்டிக்கு மட்டும் மெட்ராஸ் போயிட்டு வர்றதவிட இது கஷ்டம். சன்னிதித் தெருவுல ஃபர்ஸ்ட் கியர்லயே ஊரணும். வயசானவங்க உள்ள உக்காந்துட்டா ஏசிய நிறுத்த முடியாது. ஏழு பேரு, மேல கேரியர்ல பெட்டி, அதோட வைகாசி வெயில்.

முதல்ல ஓட்டுனது ஓனர் வச்சிருந்த டொயோட்டா குவாலிஸ். இப்ப சொந்தமா அதே கம்பெனியோட 2011 இன்னோவா, ரெண்டரை லிட்டர் டீசல். மீட்டர்ல 4 லட்சத்து 70 ஆயிரம் காட்டுது. இன்னைக்கு வரைக்கும் இன்ஜினை இறக்கினது கிடையாது. கிளட்ச் மூணு தடவை மாத்தியிருக்கேன், அது தேயுற சாமான். விக்கிரவாண்டி ரோடு வேலை இழுத்தடிச்ச வருஷங்கள்ல முன்பக்க புஷ், லிங்க் ராடு, பால் ஜாயிண்ட்னு போட்டுக்கிட்டே இருந்தேன். அது ரோட்டோட தப்பு. டைமிங் பெல்ட் ஒன்றரை லட்சத்துக்கு ஒரு தடவை மாத்திடுவேன். ஆயிலுக்கு எட்டாயிரத்த தாண்ட விட்டதே இல்ல.

ஸ்டாண்டுல வேற வேற கம்பெனி வண்டி வச்சிருக்கற பசங்களும் நல்லா ஓட்டுறவங்கதான், நல்லா பாத்துக்கறவங்கதான். ஆனா ரெண்டு லட்சத்துக்கு மேல போனா அவங்க மாசத்துல ரெண்டு நாள் பட்டறையில நிக்கறாங்க. நான் நிக்கல. ரெண்டு நாள் நின்னா எனக்கு ரெண்டு டிரிப் போச்சு, பிள்ளைங்க ஃபீஸுல துண்டு விழும். அதனால என் ஓட்டு ஜப்பானுக்குத்தான், யோசிக்கவே மாட்டேன்.

மன்னை_பட்டறை (மன்னார்குடி)

நவக்கிரகம் அண்ணே சொன்னதுல ஒரு வரி கூட பொய் இல்ல. அந்த இன்ஜின் என் கைக்கும் நிறைய வந்திருக்கு. ஆனா "ஜப்பான் வண்டி"ன்னா எதை வச்சு சொல்றோம்? அதை முதல்ல தெளிவு பண்ணிக்கணும்.

என்கிட்ட வர்ற மாருதி சுசுகி டீசல் ஸ்விஃப்ட், டிசையர்காரங்க பத்துக்கு எட்டு பேர் "ஜப்பான் இன்ஜின்ணே, அசைக்க முடியாது"ம்பாங்க. அசைக்க முடியாதுங்கறது சரி. ஆனா அந்த 1248 சிசி இன்ஜின் ஃபியட்டோட மல்டிஜெட். இத்தாலிக்காரன் வடிவமைச்சது, லைசென்ஸ் வாங்கி இங்க செஞ்சாங்க. அதே இன்ஜின்தான் இண்டிகா விஸ்டாவுலயும் புன்டோவுலயும் இருந்துச்சு. 2020ல பிஎஸ் 6ங்கற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டுட்டாங்க.

இதுக்குத் தலைகீழா ஒண்ணு இருக்கு. நம்ம ஊர் அம்பாசிடர்ல 1800 ஐஎஸ்இசட்னு வந்துச்சே, கல்யாண வீட்டுக்கெல்லாம் அலங்காரம் பண்ணி நிக்குமே, அதுக்குள்ள இருந்தது ஜப்பான் இசுசு இன்ஜின். டீசல் சன்னியில நிசான் பேரு போட்டிருக்கும், இன்ஜின் பிரெஞ்சுக்கார ரெனோவோடது. ரெனோ டஸ்டரும் நிசான் டெரானோவும் அண்ணன் தம்பி, ரெண்டும் ஒரகடத்துல ஒரே ஆலையில பொறந்தது. 2019ல வந்த டொயோட்டா கிளான்ஸா யாரு? மாருதி பலேனோதான். 2014ல மாருதி செலேரியோவுல கிளட்ச் மிதிக்காத கியர்பாக்ஸ் வந்துச்சு, அந்தக் கருவியைக் கொடுத்தது இத்தாலியோட மேக்னெட்டி மரெல்லி. முன்னாடி ஒட்டியிருக்கற சின்னத்தைப் பாத்து நாட்டை முடிவு பண்ணுனா இப்படித்தான் குழம்பும்.

அதுக்காக ஜப்பானுக்கு வந்த பேரு சும்மா வந்ததும் இல்ல. காரணத்தை நான் கையால தொட்டுப் பாத்திருக்கேன். ஓடுறதை அவங்க லேசுல மாத்த மாட்டாங்க. மாருதி 800 வந்தது 1983 டிசம்பர், நின்னது 2014. அத்தனை வருஷமும் அடிப்படை அதே 796 சிசி, மூணு சிலிண்டர். கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை அளந்து தெளிக்கிற முறை) வந்துச்சு, பிளாக் மாறல. நான் தொழில் கத்துக்க உக்காந்தப்ப குரு முதல்ல கையில குடுத்தது அந்த இன்ஜின்தான். பத்தாம் நம்பர், பன்னெண்டாம் நம்பர், பதினாலாம் நம்பர் ஸ்பேனர் இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. முப்பது வருஷம் ஒரே சாமான் ஓடுனா என்ன ஆகும்? திருத்துறைப்பூண்டியில ஒரு பையனுக்கும் தெரியும், அறந்தாங்கியில ஒரு பையனுக்கும் தெரியும். ஸ்பேர் பெட்டிக்கடை மாதிரி எல்லா ஊர்லயும் கிடைக்கும். நம்பகம்னு நாம சொல்றதுல பாதி அந்தப் பழக்கம்.

டீச்சர், உங்க வண்டி எதுன்னு நான் கேக்கல. ஆனா நீங்க சொன்ன அறிகுறி டூயல் கிளட்ச், அதாவது ரெண்டு கிளட்ச் வச்சு தானா கியர் மாத்துற கியர்பாக்ஸ் மாதிரி இருக்கு. அதுல டிரை டைப்னு ஒண்ணு உண்டு, கிளட்ச் தட்டைக் குளிர வைக்க ஆயில் கிடையாது, காத்துதான். அரை மணி நேரம் தண்ணியில ஊர்ந்து, கேட்டுல இஞ்ச் இஞ்சா நகர்ந்தீங்களே, அந்த நேரம் முழுக்க தட்டு பாதி பிடிச்சு பாதி வழுக்கிக்கிட்டே இருந்திருக்கும். சூடு அங்கேயே ஏறிப்போச்சு, சாலியமங்கலத்துல வெளிய தெரிஞ்சுது. வண்டிய ஸ்கேன் போட்டுப் பாக்காம இதை உறுதியா சொல்ல மாட்டேன். எந்த நாட்டுக்காரன் அந்த கியர்பாக்ஸைப் போட்டாலும் அதுக்கு நம்ம கேட்டும் நம்ம தெருவும் ஆகாது.

முத்துப்பேட்டை_தோஹா

கத்தார்ல 14 வருஷம் கம்பெனி டிரைவர். லேண்ட் க்ரூஸர், ஹைலக்ஸ் ரெண்டும் பாலைவனத்துல ஓட்டியிருக்கேன். மணல்ல டயர் காத்தைக் குறைச்சுக்கிட்டு, 48 டிகிரி வெயில்ல நாள் முழுக்க. ஜப்பான் வண்டி மேல எனக்கு இருக்கற மரியாதைக்கு அளவே இல்ல.

ஆனா அங்க இருந்த ஒழுங்கையும் சொல்லணும். அஞ்சாயிரத்துக்கு ஆயில், புழுதிக் காத்து அடிச்ச வாரம் ஏர் ஃபில்டரை ஊதாம வண்டி வெளிய போகாது, புத்தகத்துல கையெழுத்து வேணும். ஊருக்கு வந்து பாத்தா ஜப்பான் வண்டிதானேன்னு இருபதாயிரம் வரைக்கும் ஆயில் மாத்தாம ஓட்டுறாங்க.

இன்னொண்ணு. ஜப்பான் பேரு இருந்தா மட்டும் போதாது, கடை திறந்திருக்கணும். மிட்சுபிஷி நம்ம திருவள்ளூர்ல லான்சர் செஞ்சாங்க, இப்ப இந்தியாவுல வண்டி விக்கறதே இல்ல. டாட்சன் 2014ல திரும்பி வந்துச்சு, 2022ல போயிடுச்சு. அமெரிக்காக்காரன் செவர்லே 2017லயும், ஃபோர்டு 2021ல அறிவிச்சும் கிளம்புன மாதிரிதான் இதுவும். வண்டி எவ்வளவு நல்லதா இருந்தாலும் ஹெட்லைட்டுக்கு அலையணும்னா அது கஷ்டம்தானே.

திருபுவனம்_தறி

பட்டறைக்காரர் "ஓடுறதை மாத்த மாட்டாங்க" என்றார். அதற்கு முந்திய ஒரு படி இருக்கிறது. எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகத் தறி. நான் மட்டும் படித்துவிட்டு ஶ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் பதினொரு வருடம் இருந்தேன். அதனால் இந்தக் கதை எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் சொந்தம்.

டொயோட்டாவின் வேர் கார் இல்லை, தறி. சாகிச்சி டொயோடா 1924இல் முடித்த தானியங்கித் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நெய்கிறவர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஓர் இழை அறுந்தது கண்ணில் படாமல் நாலு விரற்கடை ஓடிவிட்டால் அந்தப் புடவையே பழுதுப் புடவை. எங்கள் அப்பா இரவில் விளக்கு வெளிச்சத்தில் நெய்யும்போது இடது கையின் பின்புறத்தைப் பாவின் மேல் லேசாக உரசிக்கொண்டே இருப்பார். அறுந்த இழை தோலில் முடிபோலத் தட்டுப்படும். சாகிச்சி அந்தக் கையை இயந்திரத்துக்குள் வைத்தார். அந்தத் தறியின் உரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் வாங்கியது. மகன் கீச்சிரோ பிறகு கார் பக்கம் போனார், 1937இல் டொயோட்டா மோட்டார் பிறந்தது. இன்றும் அவர்கள் ஆலையில் தொழிலாளி ஒருவர் குறை கண்டால் கயிற்றை இழுத்து ஆள் கூப்பிடலாம். உடனே சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். பழுதை அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடக் கூடாது என்பதுதான் கொள்கை.

நான் வேலை பார்த்த இடத்திலும் அந்தக் கயிறு இருந்தது. முதல் வருடம் யாரும் அதைத் தொடவில்லை, திட்டு விழுமோ என்ற பயம். ஒரு நாள் வந்தவாசிப் பெண் ஒருத்தி, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, போல்ட் முறுக்கு சரியில்லை என்று இழுத்தாள். வரிசை ஒன்பது நிமிடம் நின்றது. மேலாளர் வந்து எல்லோர் முன்னாலும் அவளுக்கு நன்றி சொன்னார். அதற்குப் பிறகுதான் எங்கள் பாகங்கள் திரும்பி வருவது குறைந்தது. தரம் என்பது எனக்குப் புரிந்த நாள் அது.

ஆகவே இது ஜப்பானிய இரத்தத்தில் இருப்பது இல்லை, கற்றுக்கொள்ளக்கூடிய பழக்கம். அவர்களே 1950இல் டெமிங் என்ற அமெரிக்கரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள்தான். அவர் பெயரில் ஜப்பானில் கொடுக்கும் விருதை நம் சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் வாங்கியது. மஹிந்திராவின் டிராக்டர் பிரிவு 2003இல் வாங்கியது. பழக்கம் கெட்டால் ஜப்பானிலும் கெடும். 2023 டிசம்பரில் டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹாட்சு பல ஆண்டுகளாகப் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்தது வெளியாகி, வண்டி அனுப்புவதையே நிறுத்தினார்கள். அடுத்த மாதமே டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் டீசல் இன்ஜின் திறன் சோதனையில் தவறு செய்தது தெரிந்து, இங்கே இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் சில நாள் ஆலையை விட்டு வெளிவரவில்லை.

தஞ்சை_ஐந்து_நட்சத்திரம்

எல்லாரும் வண்டி நிக்காம ஓடுறதைப் பத்தியே பேசுறீங்க. மோதுனா என்ன ஆகும்னு யாருமே கேக்கலையே.

2018 டிசம்பர்ல குளோபல் என்கேப்ங்கற அமைப்போட மோதல் சோதனையில அஞ்சு ஸ்டார் வாங்குன முதல் இந்திய வண்டி டாடா நெக்ஸான். அதே அமைப்பு 2020ல மாருதி எஸ்-பிரஸ்ஸோவுக்குக் குடுத்தது பூஜ்யம். டீச்சர், உங்க அப்பாவ ஏத்திக்கிட்டு ராத்திரி போறீங்க. எதிர்ல கரும்பு லாரி லைட்டே இல்லாம வர்ற ரோடு நம்மளுது. ரோட்டுல பாதிய அடைச்சு நெல்லு காயும், சுத்தி கருங்கல்லை வச்சிருப்பாங்க. என் சித்தி பையன் பின்னவாசல்ங்கற ஊர்ப் பக்கம் அந்தக் கல்லுல ஏறி ரெண்டு உருட்டு உருண்டான். வண்டி போச்சு, அவன் நடந்து வெளிய வந்தான். எனக்கு அதுதான் நம்பகம்.

குடந்தை_நவக்கிரகம்

தம்பி, நீங்க சொல்றதை மறுக்க மாட்டேன். பாதுகாப்பு வேற, நம்பகம் வேற, ரெண்டும் வேணும். நான் ஓட்ட ஆரம்பிச்ச காலத்துல ஏர்பேக்னா என்னன்னே தெரியாது. இப்ப வர்ற பயணிங்களே "எத்தனை ஏர்பேக்"னு கேட்டுட்டுத்தான் ஏறுறாங்க.

வேதை_உப்புக்காத்து (வேதாரண்யம்)

ஏர்பேக் பேச்சு வந்ததால இதைச் சொல்றேன். நம்ம பகுதிக்கு இது ரொம்ப நெருக்கமான விஷயம்.

டகாட்டா ஜப்பான் கம்பெனி. உலகத்துல நிறைய கார் கம்பெனிக்கு ஏர்பேக் பண்ணிக் குடுத்தாங்க. காத்து நிரப்புறதுக்கு உள்ள அமோனியம் நைட்ரேட் வச்சாங்க, ஈரம் உறிஞ்சுற பொருள் சேக்கல. வருஷக்கணக்கா வெப்பமும் ஈரக்காத்தும் மாறி மாறிப் பட்டா அந்தப் பொருள் கெட்டுப்போய், ஏர்பேக் விரியறப்ப உலோக டப்பாவே வெடிச்சு சில்லு முகத்துல அடிக்கும். உலகம் முழுக்க சுமார் 10 கோடி திரும்ப அழைச்சாங்க. ஹோண்டாவுக்குத்தான் பெரிய அடி. டொயோட்டா, பிஎம்டபிள்யூ, ஃபோர்டு யாரும் தப்பல. 2017ல டகாட்டா திவாலாச்சு. அமெரிக்காவுல 2014ல வெக்கையும் ஈரமும் அதிகமான மாநில வண்டிகளைத் தனியா கூப்பிட்டாங்க. நம்ம நாகப்பட்டினம், வேதாரண்யம் கரை எப்படின்னு உங்களுக்கே தெரியும். பழைய வண்டி வாங்குறவங்க சேசிஸ் நம்பரை கம்பெனி இணையதளத்துல போட்டு, ரீகால் பாக்கி இருக்கான்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க. இலவசமா மாத்தித் தர்றாங்க.

அடுத்தது துரு. எங்க ஊர்ல உப்பளக் காத்துக்கு நாட்டு வித்தியாசம் தெரியாது. கஜா அடிச்ச 2018 நவம்பர் 16 விடிகாலையில என் வண்டி மேல தென்னை விழல, ஆனா மூணு நாள் உப்புத் தண்ணித் தூறல்ல நின்னுச்சு. ஆறு மாசத்துல கதவோட அடி விளிம்பு பொருக்கு தட்டிடுச்சு. டிங்கர்காரர் காட்டினப்பதான் எனக்கே தெரிஞ்சுது. ஒவ்வொரு கதவுக்கும் அடியில தண்ணி வடிய சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். அதுல சேறு அடைச்சுக்கிட்டா கதவுக்குள்ள தண்ணி தங்கி, உள்ளேயிருந்து அரிச்சுக்கிட்டு வரும். வெளிய பெயிண்டு பளபளன்னு இருக்கும். இப்ப ஞாயித்துக்கிழமை ஒரு ஈர்க்குச்சிய எடுத்து ஒவ்வொரு ஓட்டையா குத்தி விடுறேன். முதல் தடவை குத்துனப்ப ஒரு டம்ளர் அளவுக்குப் பழுப்புத் தண்ணி வடிஞ்சுது. அன்னையிலேர்ந்து துரு பரவல.

கோட்டூர்_சாகுபடி

நான் கார் பத்தி அதிகம் பேச மாட்டேன். வயல் மெஷின் வச்சு ஒரு கணக்கு சொல்றேன்.

எங்க பக்கம் சேத்துல அறுக்க பெல்ட் வண்டிதான். குபோட்டா மெஷின் சேத்துல முங்காம மெதந்துக்கிட்டு போறதைப் பாத்தா மனசு நிறையும். நடவு மெஷினும் ஜப்பான்காரன் பண்ணுனது நாத்தை அலுங்காம வைக்கும். அவனும் நெல்லு விளைவிக்கறவன், சேறு தெரிஞ்சவன். ஆனா அறுப்பு நடக்குறது மொத்தமே மூணு வாரம். மணிக்கு இரண்டாயிரத்துக்கு மேல வாடகை. மேகம் கறுத்து நிக்கறப்ப ஒரு பேரிங்குக்கு ரெண்டு நாள் காத்திருந்தா சாஞ்ச கதிரு வயல்லயே முளைச்சுடும். அதனால மெஷின்காரன் யாருன்னு பாத்து கூப்பிட மாட்டேன், சாமான கையில வச்சிருக்கறவன் யாருன்னு பாத்துத்தான் கூப்பிடுவேன். வீட்டுல அப்பா வாங்குன மஹிந்திரா டிராக்டர் இருபது வருஷமா உழுவுது. அதுக்கு மன்னார்குடி போகக்கூட வேணாம், கோட்டூர்லயே சாமான் கிடைக்கும்.

காருக்கு ஒண்ணு மட்டும் சொல்றேன். எலி. சம்பா அறுத்து முடிஞ்சதும் வயல் எலி மொத்தமா வீட்டுப் பக்கம் ஏறும். ராத்திரி பானெட்டுக்குள்ள கதகதப்பு. காலையில ஒயரிங் கிட்டு துண்டு துண்டா கிடக்கும். ஜப்பான்காரன் இழுத்த ஒயரும் அதுக்கு ஒண்ணுதான். எங்க வீட்டுல பொழுதோட பானெட்டைத் தூக்கி வச்சுடுவோம், உள்ள வேதாரண்யம் புகையிலை ரெண்டு கட்டு.

நீடா_டீச்சர்

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். அப்பாவுக்கும் வாசிச்சுக் காமிச்சேன். கதவு ஓட்டை கதையைக் கேட்டுட்டு, வித்த வண்டிக்கு அதைச் செஞ்சிருக்கலாமேன்னு வருத்தப்பட்டாங்க.

பட்டறை அண்ணே, என்ன கேட்டு வாங்கணும்னு சுருக்கமா சொல்லுங்களேன்.

மன்னை_பட்டறை

டர்போ இல்லாத பெட்ரோல். கையால போடுற கியர். ஆட்டோமேட்டிக் வேணும்னே இருந்தா டார்க் கன்வெர்ட்டர் வகை, அதாவது கிளட்ச் தட்டுக்குப் பதிலா ஆயில் வழியா இழுக்குறது. அந்த இன்ஜின் நம்ம நாட்டுல குறைஞ்சது அஞ்சு வருஷம் ஓடியிருக்கணும். இந்த வரிசையில பாத்தா உங்க பணத்துக்கு முன்னாடி வந்து நிக்கறது பெரும்பாலும் சுசுகி, டொயோட்டா, ஹோண்டாதான், கூட ஹூண்டாய் பெட்ரோலும் வரும். ஜப்பான்னு நெனச்சு போக வேணாம், இந்தக் கணக்கைப் போட்டுக்கிட்டே போங்க, பாதி நேரம் அங்கதான் போய் நிப்பீங்க. உங்க தம்பி சொன்னதும் தப்பு இல்ல.

வண்டி வாங்குறதுக்கு முன்னாடி கும்பகோணம், மன்னார்குடி, தஞ்சாவூர்ல மூணு ஸ்பேர் கடைக்குப் போன் போட்டு வாட்டர் பம்ப், வைப்பர் மோட்டார், முன் ஹெட்லைட் மூணும் இருப்புல இருக்கான்னு கேளுங்க. இன்னொரு முக்கியமான விஷயம். காத்து இழுக்குற குழாய் வாய் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பானெட்டைத் திறந்து பாருங்க. அதுக்கு மேல தண்ணி இருந்தா இறங்காதீங்க. தண்ணியில வண்டி நின்னுட்டா திரும்ப செல்ஃப் போடவே கூடாது. சிலிண்டருக்குள்ள தண்ணி ஏறியிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சுடும், இன்ஜினே போயிடும். தள்ளிக்கிட்டு வெளிய கொண்டுவந்து ஆளைக் கூப்பிடுங்க. இன்சூரன்ஸ்ல இன்ஜினுக்குத் தனியா சேக்கற பாலிசி உண்டு, நம்ம ஊருக்கு அது அவசியம்.

நீடா_டீச்சர் (மூணு வாரம் கழிச்சு)

வண்டி எடுத்தாச்சு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.

மூணு கடைக்கும் போன் பண்ணேன். ரெண்டு கம்பெனி அங்கேயே விழுந்துடுச்சு. ஒண்ணு ஜப்பான் பேரு, ஒண்ணு ஐரோப்பா பேரு. "சொல்லி வைக்கறேம்மா, வர்றதுக்குப் பத்து நாளாகும்"னுட்டாங்க. கடைசியில புது டிசையர் பெட்ரோல், கையால போடுற கியர். 2024 நவம்பர்ல குளோபல் என்கேப்ல அஞ்சு ஸ்டார் வாங்கியிருக்கு, தஞ்சைத் தம்பி சொன்னது மனசுலயே நின்னுடுச்சு. பாபநாசம் மெக்கானிக் பானெட்டைத் திறந்து குழாய் வாயைக் கை வச்சு அளந்து காமிச்சார்.

மன்னை_பட்டறை

சந்தோஷம் டீச்சர். மனசுல உள்ளதை மறைக்காம சொல்லிடறேன். அது மூணு சிலிண்டர் புது இன்ஜின், நம்ம நாட்டுல 2024 ஸ்விஃப்ட்லதான் முதல்ல வந்துச்சு. பழைய நாலு சிலிண்டரா இருந்தா தலையில அடிச்சு சொல்லியிருப்பேன், இதை அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் சொல்ல முடியும். ஆனா ஸ்டாருக்காக நீங்க எடுத்த முடிவு தப்புன்னு சொல்ல என் மனசு ஒப்பல. எனக்கும் வயசான அப்பா இருக்கார். முதல் ஆயிலை சீக்கிரமே மாத்திடுங்க.

நீடா_டீச்சர்

மாத்திடறேன் அண்ணே. அடியில துருவுக்குக் கோட்டிங் அடிக்கணும், எங்க நல்லா செய்றாங்க? எலிக்கு வலையும் போடணும்.

குடந்தை_நவக்கிரகம்

கும்பகோணம் வாங்க டீச்சர், நான் கூட்டிட்டுப் போறேன், பக்கத்துல நின்னு செஞ்சு தரச் சொல்றேன். வியாழக்கிழமை ஆலங்குடி கூட்டம், சனிக்கிழமை திருநள்ளாறு. செவ்வாய் வைத்தீஸ்வரன்கோயில் போயிடுவேன். புதன்கிழமை காலையில ஒன்பது மணிக்கு முன்னாடி வந்துடுங்க, அப்பாவையும் அழைச்சுக்கிட்டு வாங்க.